தைத்து மூடப்பட்ட நிலையில் வரும் கர்ப்பிணியைக் கவனிப்பது எப்படி?

பெண் பிறப்புறுப்புச் சிதைப்புக்கு (மருத்துவக் காரணமின்றிப் பிறப்புறுப்பின் பகுதிகளை வெட்டுவது, சிலருக்குத் தைத்து மூடுவது) ஆளான பெண்ணின் பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டுமென்றால், அதற்கான வேலை முதல் கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே தொடங்க வேண்டும். வலி எடுத்து வந்த பிறகு நள்ளிரவில் இதை முதன்முறையாகப் பார்க்கும் ஊழியர்கள் பதறிப்போகிறார்கள். ஒன்று, தேவையே இல்லாமல் சிசேரியனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அல்லது வெட்டக் கூடாத இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். இரண்டையும் தவிர்க்கலாம். தேவைப்படுவது முன்கூட்டியே கேட்ட சில கேள்விகள், ஒரு சிறு அறுவை, தெளிவாக எழுதிய ஒரு குறிப்பு.

வளைகுடா நாடுகளிலும் பிரிட்டனிலும் பிரசவ வார்டுகளில் வேலை செய்யும் தமிழ்ச் செவிலியர்களும், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து சிகிச்சைக்கு வரும் பெண்களை இங்கே பார்க்கும் மருத்துவர்களும் கையில் வைத்துக்கொள்ளும்படி இதை எழுதியிருக்கிறோம். கீழே சொல்லப்படும் திறப்பு அறுவையை, அதாவது தைத்து மூடியதை வெட்டித் திறப்பதை, பயிற்சி பெற்ற மருத்துவரோ மருத்துவச்சியோ மட்டுமே செய்ய வேண்டும். கேட்பது, பார்த்துக் குறிப்பது, எடுத்துச் சொல்வது போன்றவை வார்டில் இருக்கும் எவரும் செய்யக்கூடியவை.

எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் கிளிட்டோரிஸின் வெளியே தெரியும் முனையோ, அதை மூடியிருக்கும் தோலோ வெட்டப்படுகிறது. இரண்டாம் வகையில் அதனுடன் உள்ளுதடுகளும், சிலருக்கு வெளியுதடுகளும் போய்விடுகின்றன. மூன்றாம் வகையில் உதடுகளை வெட்டி, வெட்டிய விளிம்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, யோனி வாயையும் சிறுநீர்த் துவாரத்தையும் மறைக்கும் ஒரு மூடியை உண்டாக்குகிறார்கள். கீழே சிறு துளை ஒன்று மட்டும் மிஞ்சும். குத்துவது, கீறுவது, சுரண்டுவது, சூடு வைப்பது போன்ற மற்றவை எல்லாம் நான்காம் வகை.

யுனிசெஃப் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இதற்கு ஆளாகியிருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 14.4 கோடிப் பேர் ஆப்பிரிக்காவில், 8 கோடிப் பேர் ஆசியாவில். மூன்றாம் வகை மொத்தத்தில் சிறு பங்குதான். ஆனால் சோமாலியா, சூடான், ஜிபூட்டி, எரித்திரியா, எத்தியோப்பியாவின் சில பகுதிகள் ஆகிய இடங்களில் அது செறிந்திருக்கிறது. சோமாலியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய எல்லோருமே ஏதோ ஒரு வகைக்கு ஆளானவர்கள். சோமாலியர்கள் இதை குத்னீன் என்பார்கள். தைத்து மூடும் முறையை ‘ஃபிர்அவ்ன்’ (எகிப்திய ஃபாரோ மன்னர்) முறை என்றும், குறைவாக வெட்டுவதை ‘சுன்னா’ என்றும் பிரித்துச் சொல்வார்கள். இந்தச் சொற்களை அப்படியே நம்பி வகையைப் பதிவுசெய்யாதீர்கள். தனக்கு நடந்தது ‘சுன்னா’தான் என்று சொல்லும் பெண்ணைப் பரிசோதித்தால் சில சமயம் முழுதாகத் தைக்கப்பட்டிருப்பது தெரியவரும். அவர் பொய் சொல்லவில்லை. ஐந்து ஆறு வயதில் நடந்ததை அவருக்கு யாரும் விளக்கியதில்லை, அவ்வளவுதான்.

தமிழ் பேசும் சமூகத்துக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. இலங்கை முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் பெண் குழந்தை பிறந்த சில வாரங்களுக்குள் ஒஸ்தா மாமியை (இதைச் செய்யும் பாரம்பரியப் பெண்மணி) அழைத்துக் கத்னா என்னும் இந்தச் சடங்கைச் செய்யும் வழக்கம் இருக்கிறது. மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாதென்று இலங்கை சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை விட்டது. இந்தியாவில் தாவூதி போஹ்ரா என்னும் ஷியா முஸ்லிம் சமூகத்தில் ஏழு வயதையொட்டிச் செய்கிறார்கள். அதற்கு எதிரான பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. இவை பெரும்பாலும் முதல் அல்லது நான்காம் வகை. யோனி வாய் அடைபடாததால் பிரசவத்தில் தடை வருவது அரிது. அதற்காக இவற்றைச் சிறு விஷயமென்று ஒதுக்கிவிடக் கூடாது. தொட்டால் சுரீரென்னும் வடுவும், பரிசோதனை மேசையைக் கண்டாலே உடல் விறைத்துப்போகும் பயமும் இவர்களுக்கும் இருக்கலாம்.

கேட்கும் முறை

கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். கணவர், மாமியார், அக்கா யாரையும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். குடும்பத்தைச் சேராத பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அதே ஊர்க்காரராக இருப்பது சிலருக்கு ஆறுதல், சிலருக்குச் சங்கடம். அதையும் முதலிலேயே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ‘சிதைப்பு’ என்ற சொல் அறிக்கைக்குச் சரி. அவர் முகத்துக்கு நேரே அதைச் சொன்னால் தன் உடலையும் தன் அம்மாவையும் பழிப்பதாகவே அவருக்குப் படும். “உங்கள் ஊரில் சின்ன வயதில் பெண் பிள்ளைகளுக்குச் செய்வார்களே, உங்களுக்கும் செய்தார்களா? திறந்து வைத்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?” என்று கேட்டால் போதும், புரிந்துகொள்வார்.

அதற்குப் பிறகு வகையைவிட அறிகுறிகளைக் கேளுங்கள். சிறுநீர் கழிக்க எவ்வளவு நேரமாகிறது? தாரையாக வருகிறதா, சொட்டுச் சொட்டாகவா? முடிந்த பிறகும் கசிகிறதா? மாதவிலக்கு எத்தனை நாள், ரத்தம் கறுத்துக் கட்டியாக வருகிறதா? தாம்பத்திய உறவு முடிகிறதா, வலிக்கிறதா? இதற்கு முன் யாராவது திறந்தார்களா, திறந்த பிறகு மறுபடி தைத்தார்களா? “சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் பலர் இல்லை என்றே சொல்வார்கள். அம்மா, அக்கா, தோழிகள் எல்லோருக்கும் கால் மணி நேரம் ஆகும் வீட்டில் வளர்ந்தவருக்கு அதுதான் இயல்பு. அதனால் நேரத்தைக் கேளுங்கள், சிரமத்தைக் கேட்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் விசாரியுங்கள். குழந்தை சிறியதாக இருந்தால் பிரசவம் சுலபமாகும் என்று நம்பிக் கடைசி மாதங்களில் உணவைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் சோமாலியப் பெண்களிடையே உண்டு. எடை ஏறவில்லை, ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்றால் இதையும் நினைவில் வையுங்கள். திறப்பு அறுவை வழியை அகலமாக்கிவிடும், பட்டினி கிடக்கத் தேவையில்லை என்று சொன்னாலே சிலர் நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்குவார்கள்.

பரிசோதனை

முதலில் பார்ப்பது மட்டும்தான், விரலையோ கருவியையோ நுழைக்கப் போவதில்லை என்று சொல்லி அனுமதி பெறுங்கள். கால்களைத் தூக்கிக் கட்டும் நிலை வேண்டாம்; மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இருபுறமும் விரித்தால் போதும். இடுப்புக்குக் கீழே துணி போர்த்தியிருக்கட்டும். அவர் கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவோம் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள், உயர்த்தினால் நிஜமாகவே நிறுத்துங்கள். அந்த ஒரு செயலால் வரும் நம்பிக்கை பிரசவ அறை வரைக்கும் உடன் வரும்.

நல்ல வெளிச்சத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். சிறுநீர்த் துவாரம் கண்ணுக்குத் தெரிகிறதா? மிஞ்சியிருக்கும் துளை எவ்வளவு பெரியது? வடு எப்படி இருக்கிறது: மெல்லிய சவ்வா, தடித்த தழும்பா, உள்ளே உருண்டையாகக் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா? வெட்டும்போது தோல் உள்ளே மடிந்து சிக்கிக்கொண்ட இடத்தில் வருடக்கணக்கில் சுரப்பு சேர்ந்து நீர்க்கட்டி உண்டாகும். பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை வளரும். சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் கர்ப்பகாலத்தில் அதைத் தொட வேண்டாம். ஈரப் பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொடும்போது ஒரே ஒரு புள்ளியில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலித்தால், வெட்டுப்பட்ட நரம்பு முனை முடிச்சாக வளர்ந்திருக்கலாம். அந்த இடத்தைப் படம் வரைந்து குறியுங்கள்.

சிறுநீர்த் துவாரம் தெரிகிறது, உள்பரிசோதனைக்கும் வழியிருக்கிறது என்றால் பெரும்பாலும் திறப்பு அறுவை தேவைப்படாது. துவாரம் மறைந்திருந்தாலோ, பரிசோதனைக்கு வழியில்லாவிட்டாலோ திட்டமிடத் தொடங்க வேண்டும். வகை எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். கையால் ஒரு சிறு படம் வரைந்து, துளையின் அளவை மில்லிமீட்டரில் எழுதினால், நான்கு மாதம் கழித்து இரவுப் பணியில் இருப்பவருக்கு அதுதான் கைகொடுக்கும். அவரும் ஒருமுறை திறந்து பார்க்காமலே புரிந்துகொள்வார்; அந்தப் பெண்ணுக்கு ஒரு பரிசோதனை மிச்சம்.

வழக்கமான ரத்தப் பரிசோதனைகளுடன் ஹெபடைட்டிஸ் சி-யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கத்தியால் பல சிறுமிகளை வெட்டும் இடங்களில் ரத்தம் வழியே தொற்று பரவியிருக்கலாம். சிறுநீர் கல்ச்சரில் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) பலவகைக் கிருமிகள் கலந்து வந்தால் உடனே மருந்து எழுத வேண்டாம். மூடிக்குப் பின்னால் தேங்கி, யோனிச் சுரப்போடு கலந்து வந்த சிறுநீர் அப்படித்தான் காட்டும். அறிகுறிகளைப் பார்த்து முடிவெடுங்கள். மறுபடி மறுபடி சிறுநீர்த் தொற்று வந்தால் அதுவே திறப்பு அறுவைக்கு ஒரு காரணம்.

பிரசவத்தில் என்ன தவறாகப் போகிறது?

வடு விரிந்து கொடுக்காது. குழந்தையின் தலை கீழே இறங்கி வந்து அந்தச் சுவரில் முட்டி நிற்கும். கருப்பை வாய் முழுதாக விரிந்த பிறகு குழந்தை வெளிவரும் இரண்டாம் கட்டம் நீளும், குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும். வடு தானாகக் கிழிந்தால் எந்தத் திசையில் கிழியுமென்று சொல்ல முடியாது: மேலே சிறுநீர்த் துவாரம் வரை போகலாம், கீழே மலவாய்த் தசை வரை போகலாம். அறுவைச் சிகிச்சை வசதி எட்டாத இடத்தில் பிரசவம் நாட்கணக்கில் தடைபட்டால், அழுந்திய திசு இறந்து, சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே ஓட்டை விழும். இதோடு கருப்பை வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்க்க முடியாமை, கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போட முடியாமை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் புர்கினா ஃபாசோ, கானா, கென்யா, நைஜீரியா, செனகல், சூடான் ஆகிய ஆறு நாடுகளில் 28 மகப்பேறு மையங்களில் 28,393 பெண்களைக் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்களைத் தந்தது. வெட்டுப்படாத பெண்களோடு ஒப்பிட்டால், மூன்றாம் வகைக்கு ஆளானவர்களில் சிசேரியன் 31 விழுக்காடு கூடுதல். பிரசவத்துக்குப் பின் 500 மில்லிக்கு மேல் ரத்தம் போவது 69 விழுக்காடு கூடுதல். குழந்தைக்கு மூச்சு வரவழைக்க வேண்டிய நிலை 66 விழுக்காடு கூடுதல். குழந்தை இறந்து பிறப்பது அல்லது பிறந்ததும் இறப்பது 55 விழுக்காடு கூடுதல். இரண்டாம் வகையிலும் இவை தெளிவாக உயர்ந்தன. மூன்றாம் வகை என்றால்தான் கவனம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம். இரண்டாம் வகையில் திறப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஆனால் வடுத்திசு இழுத்துக்கொடுக்காது, ரத்தப்போக்குக்கும் குழந்தைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கும் பாதிப்புகளும் உண்டு. முதல் மாதவிலக்கில் ரத்தம் வெளியேற வழியில்லாமல் யோனிக்குள் தேங்கி, சிறுமிக்கு மாதாமாதம் அடிவயிற்று வலியும் வீக்கமும் வரும். வயிறு உப்புவதைப் பார்த்துக் கர்ப்பம் என்று சந்தேகித்து அந்தப் பிள்ளையைத் துன்புறுத்திய குடும்பங்கள் உண்டு. உறவு கொள்ளவே முடியாததாலும், தொற்று கருக்குழாய் வரை ஏறுவதாலும் குழந்தைப்பேறு தள்ளிப்போகலாம். அதே சமயம், உறவு முழுமையாக நடக்காமலேயே அந்தச் சிறு துளை வழியாக விந்து போய்க் கரு தங்குவதும் உண்டு. ‘கர்ப்பமாகிவிட்டாரே, அப்படியானால் வழி போதுமான அளவு இருக்கும்’ என்று முடிவுகட்டாதீர்கள்.

கருச்சிதைவு ஏற்பட்டால் ரத்தக்கட்டிகளும் திசுவும் மூடிக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு அழுகும் அபாயம் இருக்கிறது. கருப்பையைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் முதலில் திறந்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். சிறு துளை வழியே கருவியைத் திணிப்பது ஆபத்து.

எப்போது திறப்பது?

கர்ப்பத்தின் இரண்டாம் மூன்று மாதங்களில், 20ஆவது வாரத்தை ஒட்டிச் செய்வது நல்லது என்பதே எங்கள் கருத்து. முதல் மூன்று மாதங்களில் செய்து, தற்செயலாகக் கரு கலைந்தால் பழி அறுவையின் மேல் விழும். 20 வாரத்தில் செய்தால் பிரசவத்துக்கு முன் புண் முழுதாக ஆறிவிடும். எந்த மருத்துவமனையில், எந்த நேரத்தில் வலி எடுத்தாலும் யார் வேண்டுமானாலும் பிரசவம் பார்க்கலாம்.

ஆனாலும் பல பெண்கள் பிரசவத்தின்போதே திறக்கச் சொல்வார்கள். அவர்கள் ஊரில் அதுதான் வழக்கம். இரண்டு முறை வலி தாங்குவானேன் என்ற நினைப்பும் இருக்கும். பிரசவம் நடக்கும் இடத்தில் இது தெரிந்தவர் 24 மணி நேரமும் இருப்பார் என்றால் அதுவும் பாதுகாப்பான வழிதான். அந்த உறுதி இல்லாத இடத்தில் முன்கூட்டியே செய்துகொள்ளும்படி வற்புறுத்தாமல் எடுத்துச் சொல்லுங்கள். மூன்றாம் வகை என்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. வேறு காரணத்துக்காகச் சிசேரியன் நடந்தால், அவர் விரும்பினால் அதே மயக்கத்திலேயே திறந்துவிடலாம்.

அறுவைக்கு முன் குறைந்தது இரண்டு சந்திப்புகள் தேவை. கைக்கண்ணாடியில் அவருக்கே காட்டியோ, படம் வரைந்தோ விளக்குங்கள். என்னென்ன மாறும் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சிறுநீர் சத்தத்தோடு வேகமாகப் பாயும், தாரை பரவும். முதல் சில வாரங்களுக்கு ‘எல்லாம் திறந்து கிடக்கிறது’ போலத் தோன்றும். வெள்ளைப்படுதல் அதிகமானதுபோல் ஈரமாக உணர்வார், மூடிக்குப் பின்னால் தேங்கியது இப்போது வெளியே வருகிறது என்பதே காரணம். இதைச் சொல்லாமல் விட்டால், ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயந்து, ஊருக்குப் போய் மறுபடி தைத்துக்கொள்வார். பிரசவத்துக்குப் பிறகு மீண்டும் மூடித் தைக்க மாட்டோம் என்பதையும் இந்தச் சந்திப்பிலேயே சொல்லியாக வேண்டும். குழந்தை பிறந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சைத் தொடங்குவது கொடுமை. அவர் சம்மதித்தால் கணவரிடமும் தனியாக ஒருமுறை பேசுங்கள். முதலிரவில் தானும் வலியையும் தோல்வியையும் அனுபவித்த பல ஆண்கள் மனதுக்குள் இதை ஏற்கெனவே வேண்டாமென்றுதான் நினைத்திருப்பார்கள், கேட்க ஆளில்லை.

திறப்பு அறுவை

வேண்டியவை: மரப்பு மருந்தான, அட்ரினலின் கலக்காத 1% லிடோகெய்ன் 10 மில்லி, சிரிஞ்சு, 25 கேஜ் மெல்லிய ஊசி, முனை மழுங்கிய வளைந்த ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (பிடிக்கும் இடுக்கி), முனை மழுங்கிய கத்தரி, சிறுநீர்க் கதீட்டர், பொவிடோன் அயோடின், காஸ் துணி, விரைவில் கரையும் 3-0 அல்லது 4-0 தையல் நூல். லிடோகெய்ன் உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 1% மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருப்பதால், 50 கிலோ பெண்ணுக்கு 15 மில்லியைத் தாண்டக் கூடாது.

மரப்பு ஊசி போட்டாலும் அந்த இடத்தில் கத்தரி படும் உணர்வு, சிறுவயதில் நடந்ததைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தலாம். அந்தப் பயம் இருப்பவருக்கு முதுகுத்தண்டு ஊசியோ முழு மயக்கமோ கொடுக்கத் தயங்காதீர்கள். வடு மரத்துப்போயிருக்கும் என்று நினைத்து மருந்தே இல்லாமல் வெட்டுவது மன்னிக்க முடியாதது. வடுவின் விளிம்புகளில் உணர்வு நன்றாகவே இருக்கும்.

இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு, துளை வழியாக ஒரு விரலையோ, விரல் நுழையாவிட்டால் மூடிய ஃபோர்செப்ஸையோ மூடிக்குப் பின்னால் செலுத்தி, இடுப்பின் முன்னெலும்பை நோக்கி மெல்ல மேலே கொண்டுபோங்கள். மூடிக்கும் அதன் பின்னாலுள்ள திசுவுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா, எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று இதில் தெரியும். முடிந்தால் சிறுநீர்த் துவாரத்தைக் கண்டுபிடித்துக் கதீட்டர் போட்டுவிடுங்கள். அது எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொண்டு வெட்டலாம். பின்னால் விரலைக் காவலாக வைத்துக்கொண்டு, நடுக்கோட்டின் இருபுறமும் 2 முதல் 3 மில்லி மருந்து செலுத்துங்கள். ஒவ்வொரு முறையும் சிரிஞ்சைப் பின்னால் இழுத்து ரத்தம் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே அழுத்துங்கள். சில நிமிடங்கள் பொறுத்து, ஃபோர்செப்ஸ் முனையால் கிள்ளிப் பாருங்கள். வலித்தால் இன்னும் பொறுங்கள்.

வெட்டு நடுக்கோட்டில், கீழிருந்து மேலாக, விரலின் மேலேயே போக வேண்டும். சிறுநீர்த் துவாரம் தெளிவாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். பல பெண்களில் கிளிட்டோரிஸோ அதன் எஞ்சிய பகுதியோ அந்த வடுவின் அடியில் சேதமின்றி இருக்கும். அங்கே கத்தரி பட்டால் ரத்தம் பீறிடும், இருக்கும் உணர்வும் போய்விடும். அது அங்கே இருப்பதைப் பார்த்தால் அவரிடம் சொல்லுங்கள். எல்லாமே போய்விட்டதென்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அது பெரிய செய்தி.

இப்போது இருபுறமும் வெட்டுப்பட்ட விளிம்புகள் இருக்கும். வலது விளிம்பை வலது பக்கத்தோடும் இடது விளிம்பை இடது பக்கத்தோடும் தனித்தனியாக மடித்துத் தையுங்கள். ஒரு தையல்கூட இரண்டு பக்கத்தையும் இணைக்கக் கூடாது. மேல் முனையில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. தைக்காமல் விட்டாலும் பச்சைப் புண்கள் ஒன்றையொன்று தொட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

ஆறும்வரை பாராசிட்டமால் 1 கிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 கிராமுக்கு மிகாமல். எடை குறைந்தவருக்கு அளவைக் குறையுங்கள். கர்ப்பத்தில் 20 வாரத்துக்குப் பிறகு இபுப்ரோஃபென் வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது எரியும். கூடவே வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே கழித்தால் எரிச்சல் தணியும், வலிக்குப் பயந்து அடக்கிவைக்கவும் மாட்டார். தினமும் கழுவும்போது இரு பக்கங்களையும் விரலால் மெல்லப் பிரித்துவிடச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் ஒருமுறை பாருங்கள். தாம்பத்திய உறவு நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, அவருக்கு மனம் வந்தால்.

பிரசவ அறையில்

முன்பே திறந்தவருக்கு மற்றவர்களைப் போலவே பிரசவம் பார்க்கலாம். பிரசவத்தின்போது திறக்கத் திட்டமிட்டிருந்தால் சிரை ஊசி போட்டுவையுங்கள், ரத்தப் பிரிவு பார்த்துவையுங்கள். உள்பரிசோதனையோ கதீட்டரோ தேவைப்பட்டால் முதல் கட்டத்திலேயே திறந்துவிடலாம். இல்லையென்றால், தலை இறங்கி வடுவை இழுத்துப் பிடிக்கும்போது, முழுதாக வெளியே தெரிந்து நிற்பதற்குச் சற்று முன், இதே முறையில் திறக்க வேண்டும். பின்னால் இருப்பது குழந்தையின் தலை. காவல் விரலை ஒருகணமும் எடுக்காதீர்கள். மருந்தைத் தலை அழுத்துவதற்கு முன்பே செலுத்திவிடுங்கள், அவசரத்தில் மரப்பதற்கு நேரம் இருக்காது. தையலைக் குழந்தை பிறந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இதுவரை எங்கும் காட்டாமல் வலியோடு வந்து நிற்பவருக்குப் பதற வேண்டாம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தே தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கணிக்கலாம். விரலைத் திணித்துப் பார்க்கும் முயற்சிகள் அவரை இறுக்கத்தான் செய்யும். ஆட்களைக் கூட்டி வேடிக்கை காட்டாதீர்கள். அறையில் தேவையானவர் மட்டும் இருக்கட்டும்.

அதிகம் நடக்கும் தவறு ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். முன்பக்க மூடியைத் திறக்காமல், பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் எபிசியாட்டமி (யோனி வாயை அகலமாக்கக் கீழ்ப்பகுதியில் போடும் வெட்டு) மட்டும் போடுகிறார்கள். தடை முன்னால் இருக்கிறது. எபிசியாட்டமி அதை விலக்காது. தலை மேல்நோக்கி அழுத்திச் சிறுநீர்த் துவாரத்தைக் கிழிக்கும், கீழேயும் பெரிய காயம் மிஞ்சும். முதலில் முன்பக்கத்தைத் திறங்கள். அதன் பிறகும் கீழ்ப்பகுதி இறுக்கமாக இருந்தால் மட்டும் சாய்வான எபிசியாட்டமி.

குழந்தை பிறந்ததும், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில். ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்து எழுதுங்கள். குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பையும் முகமூடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மலவாய்ப் பரிசோதனை செய்து தசை கிழியவில்லை என்று உறுதி செய்த பிறகே தையலைத் தொடங்குங்கள்.

‘மறுபடி மூடிவிடுங்கள்’ என்று கேட்டால்

கேட்பார்கள். சூடானில் பிரசவத்துக்குப் பிறகு மீண்டும் தைத்து இறுக்கும் ‘அத்ல்’ ஊறிப்போன பழக்கம். அங்கே வெட்டுவதையும் பெரும்பாலும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளே செய்துவந்திருக்கிறார்கள். வெள்ளை அங்கி போட்டவர் செய்தால் அது பாதுகாப்பாகிவிடாது, அந்தச் சிதைப்புக்கு மரியாதைதான் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் மீண்டும் மூடுவதை எதிர்க்கிறது. பிரிட்டனில் அது குற்றமாகவே கருதப்படுகிறது. சூடான் 2020இல் பெண் பிறப்புறுப்புச் சிதைப்பையே மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சோமாலியாவிலிருந்து பிரிந்து தனியாட்சி நடத்தும் சோமாலிலாந்தின் ஹர்கீசாவில் 2002இல் மகப்பேறு மருத்துவமனை தொடங்கிய மருத்துவச்சி எட்னா அதான் இஸ்மாயில் 1970களிலிருந்தே இதற்கு எதிராக வெளிப்படையாகப் பேசிவருகிறார். இது வெளிநாட்டார் தங்கள்மேல் திணிக்கும் பேச்சு என்று நினைக்கும் குடும்பத்தாரிடம் அவரைப் போன்றவர்களைச் சுட்டிக்காட்டுவது உதவும்.

பதில் சுருக்கமாகவும் அன்பாகவும் இருக்கட்டும்: “காயத்தை ஆற்றுவதற்கு வேண்டிய தையலை எல்லாம் போடுகிறேன். மூடுவதற்கான தையலைப் போட மாட்டேன். மூடினால் அடுத்த பிள்ளைக்கு மறுபடி வெட்ட வேண்டும், வடு இன்னும் தடிக்கும்.” திட்டமாக மறுத்துவிட்டு, அவர் பயம் எதுவென்று கேளுங்கள். கணவர் விட்டுவிடுவாரோ என்பதா, மாமியார் பேச்சா, உடலே அந்நியமாகத் தோன்றுகிறதா? ஒவ்வொன்றுக்கும் பேச்சு வேறு.

பிறந்தது பெண் குழந்தையானால்

அம்மாவிடம் கேளுங்கள்: “உங்கள் மகளுக்கு என்ன யோசித்திருக்கிறீர்கள்?” செய்யப்போவதில்லை என்று சொன்னால், பாட்டியோ அத்தையோ செய்துவிடுவார்களோ என்ற பயம் உண்டா என்று அடுத்துக் கேளுங்கள். அம்மாவின் விருப்பத்தை மீறி, பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு அழைத்துப்போய்ச் செய்வது நடக்கிறது. சோமாலியாவிலும் சூடானிலும் பெரும்பாலும் 5 முதல் 9 வயதுக்குள் செய்கிறார்கள். அதனால் இந்த எச்சரிக்கை பல வருடங்களுக்குக் குழந்தையின் பதிவேட்டில் இருக்க வேண்டும். பிரிட்டனின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கு வசிக்கும் சிறுமியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்வித்தாலும் குற்றம். 18 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு நடந்திருப்பதைப் பரிசோதனையில் கண்டாலோ, அந்தச் சிறுமியே சொன்னாலோ, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் செவிலியரும் மருத்துவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இது 2015 அக்டோபர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஆறாவது வாரச் சந்திப்பில் புண் ஆறியதா, விளிம்புகள் ஒட்டிக்கொள்ளவில்லையே என்று பார்த்துவிட்டு, சிறுநீர் எப்படிப் போகிறது, உறவைப் பற்றிய பயம் இருக்கிறதா, கெட்ட கனவுகள் வருகின்றனவா என்று கேளுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இதுவரை செய்ய முடியாமல் போயிருக்கும். இப்போது வழி இருக்கிறது, சிறிய ஸ்பெகுலமும் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) கொஞ்சம் பொறுமையும் போதும், அதற்கான நாளைக் குறித்துக் கொடுங்கள். அடுத்த கர்ப்பத்துடன் வரும்போது பழைய குறிப்பை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். நடுவில் ஊருக்குப் போனபோது மறுபடி தைத்திருக்கலாம். அனுமதி கேட்டு மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.